சிறிய கடைக்கு மருத்துவ ஏற்பாடு: சம்பள உயர்வா, காப்புறுதியா, கடை நிதியா?

"தம்பி, ஆட்களுக்குக் காப்புறுதி எடுப்பதா, இல்லாவிட்டால் மாதம் ஆயிரம் ரூபா கூட்டிக் கொடுத்துவிடுவதா? நீங்கள் ஒரு முடிவு சொல்லுங்கள்."

கல்முனை, களுவாஞ்சிக்குடி, மட்டக்களப்பு நகரம் என்று சிறிய கடைகளுக்குக் கணக்கு எழுதுபவன் நான். ஊழியர் சேமலாப நிதிக்கு மாதாமாதம் அனுப்பும் சி படிவம் நிரப்பக் கொப்பியை விரித்தால் யாராவது ஒரு முதலாளி இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார். முன்பு எப்போதாவது கேட்பார்கள்; இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் அரச ஆஸ்பத்திரிகளில் மருந்து தட்டுப்பட்டபோது, மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு வெளிப் பாமசிக்கு ஓடும் பழக்கம் வந்தது. அந்தச் செலவு இன்னும் வீடுகளை விட்டுப் போகவில்லை. மறுபுறம், தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்ந்தது. ஊழியருக்கு நோய்ச் செலவு கூடியிருக்கிறது. முதலாளிக்குச் சம்பளச் செலவு கூடியிருக்கிறது. அரச உத்தியோகத்தருக்கு அக்ரஹார என்ற மருத்துவக் காப்புறுதி இருக்கிறது. ஹாட்வெயார் கடையில் சீமெந்து தூக்குகிறவருக்கு அப்படி எதுவும் இல்லை. அவருக்கு என்ன ஏற்பாடு என்பதை அந்தக் கடையின் முதலாளிதான் தீர்மானிக்கிறார்.

அதனால் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது?

கல்முனைப் பக்கத்து ஹாட்வெயார் கடையொன்றில் சீமெந்தும் கம்பியும் ஏற்றி இறக்கும் ஒருவருக்கு ஐம்பத்திரண்டு வயது. சீனி வருத்தம், பிரஷர் இரண்டும் இருக்கின்றன. கிளினிக் நாளில் விடியற்காலை ஐந்தரைக்கே நம்பர் எடுக்கப் போய்விடுவார். ஒரு நாள் அவருடைய கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். மழையில் நனையாமல் பொலித்தீன் பையில் சுற்றி, றப்பர் வளையம் போட்டு வைத்திருந்தார். உள்ளே மடித்த துண்டுகள்: வெளியில் வாங்கச் சொல்லி எழுதிய மருந்து, வெளியில் செய்த இரத்தப் பரிசோதனை, பாமசி பில். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் அவரே கணக்கு எழுதியிருந்தார். பஸ், சாப்பாடு, மருந்து, பரிசோதனை. அதற்குக் கீழே, "சம்பளம் இல்லை."

டொக்டர் கட்டணம் என்று ஒரு வரி அதில் இல்லை. விடுதிக் கட்டணம் என்றும் இல்லை. அவை இரண்டும் அரச ஆஸ்பத்திரியில் இலவசம். அவருடைய வீட்டைச் சாய்ப்பது மற்ற ஐந்து வரிகள். அவற்றில் பாரமானது ஐந்தாவது.

என் அளவுகோல் அந்தப் பென்சில் கணக்கிலிருந்து வந்தது. ஒரு ஏற்பாட்டைப் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது, ஆஸ்பத்திரிக்குப் போன நாளின் கூலியை அது காப்பாற்றுகிறதா என்பது. அடுத்தது, வெளி மருந்துக்கும் பரிசோதனைக்கும் போக்குவரத்துக்கும் கை கொடுக்கிறதா என்பது. கண்டிக்கோ கொழும்புக்கோ போக வேண்டிய பெரிய வருத்தம் வந்தால் தாங்குமா என்பது மூன்றாவது. ஏற்கெனவே நோய் உள்ளவர், நாட்கூலிக்காரர், வயது போனவர் உள்ளே வருகிறார்களா, விடப்படுகிறார்களா என்பது நான்காவது. கடைசியாக, வியாபாரம் படுத்துப்போகும் மாரி மாதங்களிலும் முதலாளியால் அதைக் கொண்டுபோக முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும். நவம்பர், டிசம்பரில் வெள்ளம் வந்து நின்றால் எங்கள் பக்கத்துக் கடைகளில் கல்லாப்பெட்டி எப்படி இருக்கும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும்.

## எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தப் பதினைந்து வீதம்

இதைத் தெரிவு என்று சொல்ல மாட்டேன். சட்டம் கேட்பது இது. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், ஊழியர் 8 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம். முதலாளிக்கு ஆக மொத்தம் 15 வீதம். 30,000 ரூபா சம்பளத்துக்கு முதலாளியின் பங்கு 3,600 ரூபாவும் 900 ரூபாவும். பிந்திக் கட்டினால் சேமலாப நிதிக்கு 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் ஏறும்.

இதை ஓய்வூதியக் காசு என்று மட்டும் நினைப்பவர்கள் அதிகம். மருத்துவத்துக்கும் இதில் இடமிருக்கிறது. நம்பிக்கை நிதியில் தொடர்ந்து பங்களிப்பு இருக்கும் உறுப்பினருக்கு இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண்வில்லை போன்றவற்றுக்கு உதவி கிடைக்கும். சேமலாப நிதியில் 10 ஆண்டுகள் பங்களித்து, கணக்கில் குறைந்தது 300,000 ரூபா இருப்பவர் மருத்துவத் தேவைக்காக 30 வீதம் வரை முற்கூட்டியே எடுக்கலாம். பதிவில்லாத ஊழியருக்கு இந்த இரண்டு கதவுகளும் மூடியே இருக்கும். இரண்டு பேரைப் பதிந்துவிட்டு ஆறு பேரைப் பதியாமல் வைத்திருக்கும் கடைக்காரர் என்னிடம் காப்புறுதி பற்றிக் கேட்டால், முதலில் அந்த ஆறு பேரின் பெயரைத் தாருங்கள் என்றுதான் சொல்கிறேன். சிலருக்குக் கோபம் வரும். வந்தாலும் பரவாயில்லை.

## வழி ஒன்று: சம்பளத்தில் கூட்டிக் கொடுப்பது

ஊழியரிடம் கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார். கையில் காசு, யாரிடமும் நோயைச் சொல்லத் தேவையில்லை. அந்த மானத்தை நான் மதிக்கிறேன். கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறு விதமாகத் தெரியும்.

அடிப்படைச் சம்பளத்தில் 1,000 ரூபா கூட்டினால் முதலாளிக்கு 1,150 ரூபா செலவு. ஊழியரின் கைக்கு வருவது 920 ரூபா. மிகுதி அவருடைய பெயரில் நிதிகளில் சேர்கிறது. அது வீணல்ல, ஆனால் நாளைக்கு மருந்து வாங்க உதவாது. ஓவர்டைம் வீதமும் அதோடு ஏறும். பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால், வேலையை விட்டு விலகும்போது கொடுக்கும் பணிக்கொடையும் ஏறும். ஆண்டுக்கு ஒரு ஆளுக்கு 13,800 ரூபா. ஒருமுறை ஏற்றிய சம்பளத்தை மாரிக்காலத்தில் இறக்க முடியாது.

அந்த 920 ரூபா அரிசிக்கும் பிள்ளையின் டியூசனுக்கும் போய்விடும். போவதில் தவறு என்ன இருக்கிறது? ஆனால் நோய் வரும் மாதத்தில் அது அங்கே இருக்காது. இளம் பிள்ளைகள் மட்டும் வேலை செய்யும் இடத்துக்கும், ஆறு மாதத்துக்கொரு முறை ஆள் மாறும் இடத்துக்கும் இது பொருந்தும். சம்பளமே ஆகக்குறைந்த எல்லையில் நிற்கும் கடையிலும் முதலில் சம்பளத்தைத்தான் பார்க்க வேண்டும்.

## வழி இரண்டு: அரச ஆஸ்பத்திரி, கூடவே கூலியோடு லீவு

எல்லோரும் இதை "ஒன்றும் செய்யாமல் விடுவது" என்று நினைக்கிறார்கள். நான் இதைத்தான் முதலிடத்தில் வைக்கிறேன்.

மட்டக்களப்பு, அம்பாறை என்ற எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் ஆஸ்பத்திரிகளுக்குப் பஞ்சமில்லை. மட்டக்களப்பில் போதனா வைத்தியசாலை. தெற்கே களுவாஞ்சிக்குடி, கல்முனை வடக்கு, கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, அம்பாறை. வடக்கே ஏறாவூர், வாழைச்சேனை. அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்தை அழுத்தினால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். இந்த இலக்கத்தைக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் முதலாளிகளை விரல் விட்டு எண்ணலாம். ஒட்டுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? கடை, அலுவலக ஊழியருக்கான 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், சுகவீனத்துக்கும் சொந்த அலுவலுக்குமாக ஆண்டுக்கு 7 நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. அது தவிர இரண்டாம் வருடத்திலிருந்து 14 நாள் வருடாந்த லீவும் உண்டு. அரிசி ஆலை, பேக்கரி போன்றவை, தொழிலுக்குத் தொழில் விதி வகுக்கும் சம்பளச் சபைகளின் கீழ் வருவதால் அங்கே விதிகள் வேறு. தொழில் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தப் பென்சில் கணக்குக்குத் திரும்புவோம். மாதம் ஒரு கிளினிக் என்றால் ஆண்டுக்கு 12 நாள். ஆகக்குறைந்த நாட்கூலி 1,200 ரூபா. சம்பளம் வெட்டப்பட்டால் 14,400 ரூபா போகிறது. கிட்டத்தட்ட அரை மாதச் சம்பளம். சட்டப்படியான 7 நாளை நேர்மையாகக் கொடுத்து, மேலே 5 கிளினிக் நாளைக் கூலியோடு விட்டால் முதலாளிக்கு ஆண்டுக்கு 6,000 ரூபா. சம்பளத்தில் ஆயிரம் கூட்டுவதற்கு ஆகும் 13,800 ரூபாவில் பாதிகூட இல்லை. நோயாளிக்கு நேராகப் போய்ச் சேரும் உதவியும் இதுதான். கிளினிக்குக்குப் போகாமல் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கடைசியில் கால் புண்ணோடு மாதக்கணக்கில் விடுதியில் கிடப்பதை இது தடுக்கும்.

சுகாதாரத் துறையில் நடக்கும் சீர்திருத்தம் கடைக்காரருக்குப் பயன்படும் இடமும் இதுதான். 2018இல் உலக வங்கியின் 200 மில்லியன் டொலர் கடனோடு தொடங்கிய ஆரம்ப சுகாதாரப் பராமரிப்புத் திட்டத்தின் நோக்கம், பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவர்களை ஊருக்குப் பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவது. 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சீனி, பிரஷர், எடை பார்க்கும் சுகவாழ்வு நிலையங்களும் அங்கே நடக்கின்றன. நோய் கட்டுப்பாட்டில் இருப்பவர் தன் டொக்டரிடம் கேட்டு, பக்கத்துப் பிரதேச வைத்தியசாலையில் மாதாந்த மருந்தை எடுக்க ஒழுங்குசெய்தால், முழு நாள் போவது அரை நாளாகலாம். கடைக்கும் லாபம், அவருக்கும் லாபம்.

இதன் மறைவான செலவுகள் மூன்று. ஒரு கை குறைந்த நாளில் மற்றவர்கள் படும் பாடு முதலாவது. வெளி மருந்துச் செலவை லீவு தீர்க்காது என்பது இரண்டாவது. யாரும் எண்ணாத மூன்றாவது, நோயாளிக்குத் துணை நிற்பவரின் கூலி. தாய் விடுதியில் கிடந்தால் மகள் வேலைக்கு வர முடியாது. ஊழியரின் சொந்த நோய்க்கு மட்டும் லீவு என்று எழுதிவைத்தால் தையல் கடைகளிலும் மருதமுனைக் கைத்தறிக் கொட்டில்களிலும் வேலை செய்யும் பெண்களுக்கு அந்த விதி பாதிதான் உதவும்.

## வழி மூன்று: குழுக் காப்புறுதி

மட்டக்களப்பு நகரத்தில் பதினொரு பேர் வேலை செய்யும் ஒரு துணிக்கடை. முதலாளி நல்ல மனதோடு எல்லோருக்கும் காப்புறுதி எடுத்தார். இரண்டாவது வருடம் ஒரு ஊழியருக்குச் சீனியால் காலில் புண் வந்து தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கோரிக்கை நிராகரிக்கப்பட்டது, ஏற்கெனவே இருந்த நோய் என்றார்கள். படிவங்களை நான்தான் மேசையில் பரப்பி வாசித்தேன். அந்த நிபந்தனை ஒன்பதாம் பக்கத்தில், ஆங்கிலத்தில், தெளிவாகவே இருந்தது. கையொப்பம் போட்ட நாளில் யாரும் அதைத் தமிழில் விளக்கவில்லை. எங்கள் தரப்பில் யாரும் கேட்கவும் இல்லை. அந்த முதலாளி கைக்காசு கொடுத்து பில்லைத் தீர்த்தார்.

காப்புறுதியின் அடிப்படைச் சிக்கல் இது: சாதாரணத் திட்டங்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே காசு தருகின்றன. எங்கள் ஊழியருக்கோ தங்கும் சிகிச்சை அரச விடுதியில் ஏற்கெனவே இலவசம். காசு போவது வெளிநோயாளராக வாங்கும் மருந்திலும் பரிசோதனையிலும். அதற்கான காப்பு வேண்டுமென்றால் தனியாகக் கட்ட வேண்டும்; அந்தப் பகுதிதான் விலை கூடியது.

அதற்காகக் காப்புறுதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருபது, முப்பது பேர் வேலை செய்யும் ஆலை, தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழக்கமுள்ள ஊழியர்கள், கணக்காளர், கணினி தெரிந்த பிள்ளைகள் போன்று கொழும்புக்கு ஓடிவிடக்கூடியவர்களைத் தக்கவைக்க வேண்டிய இடம்: இவற்றுக்கு இது நல்ல வழி. ஒரு பெரிய சத்திரசிகிச்சையின் பாரத்தைச் சின்னக் கடை நிதியால் சுமக்க முடியாது, காப்புறுதியால் முடியும்.

எடுப்பதென்றால் முகவரிடம் கேட்க வேண்டியவை சில. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காப்பு உண்டா, எத்தனை மாதக் காத்திருப்பு? அரச விடுதியில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் காசு தருவீர்களா? பல திட்டங்களில் இது உண்டு. எங்கள் பக்கத்துக்கு மிகவும் பொருந்துவதும் இதுதான், போன நாளின் கூலியை ஓரளவு ஈடுசெய்யும். வயதெல்லை என்ன? இடையில் விலகியவருக்குப் பதிலாகப் புதியவரைச் சேர்க்க முடியுமா? இந்த வருடம் கோரிக்கை கூடினால் அடுத்த வருடக் கட்டணம் எவ்வளவு ஏறும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். தகராறு வந்தால் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

ஒரு குழப்பத்தையும் நீக்க வேண்டும். வேலையில் நடக்கும் விபத்து வேறு கணக்கு. ஆலைப் பட்டியில் கை சிக்கினால், 1934ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டப்படி பொறுப்பு முதலாளியுடையது. மருத்துவக் காப்புறுதி எடுத்துவிட்டேன் என்று அதிலிருந்து தப்ப முடியாது. இயந்திரம் ஓடும் இடங்கள் அதற்கென்று தனிக் காப்புறுதி எடுப்பது அவசியம்.

## வழி நான்கு: கடைக்குள் ஒரு மருத்துவ நிதி

சீட்டுப் பிடித்துப் பழகிய ஊரில் இதை விளக்கவே தேவையில்லை. எட்டுப் பேர் உள்ள கடை என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு முதலாளி 500, ஊழியர் 200. மாதம் 5,600, ஆண்டுக்கு 67,200 ரூபா. அதில் முதலாளியின் பங்கு 48,000. வெளி மருந்து, பரிசோதனை, போக்குவரத்து ஆகியவற்றுக்கு பில்லைக் காட்டி வாங்கலாம். நோய் பழையதா புதியதா என்று யாரும் கேட்பதில்லை. நாட்கூலிக்காரரையும் சேர்க்கலாம்.

பலவீனமும் உண்டு. மழை விட்ட கையோடு டெங்கு வந்து ஒரே கடையில் மூன்று பேர் விழுந்தால் பெட்டி காலியாகும். பெரிய வருத்தத்துக்கு இது போதவே போதாது. முதலாளியின் மைத்துனர் முதலில் வாங்கிவிட்டார் என்ற பேச்சு எழுந்தால் நிதி அன்றோடு முடிந்தது. அதனால் வங்கியில் தனிக் கணக்கு, முதலாளியும் ஊழியர் ஒருவருமாக இரண்டு கையொப்பம், ஒரு முறைக்கு உச்ச எல்லை, அதற்கு மேல் வட்டியில்லா முற்பணம், விலகும்போது தன் பங்கு கிடைக்குமா என்ற விதி, எல்லாவற்றையும் முதல் நாளே எழுதிவிட வேண்டும். சம்பளத்தில் வெட்டுவதற்கு ஒவ்வொருவரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். நோயின் பெயரைக் கொப்பியில் எழுத வேண்டாம். பில் தொகை போதும். பெண் ஊழியர்கள் நிதியைத் தொடாமல் விட்டதற்கு இதுவே காரணமாக இருந்ததை ஒரு கடையில் கண்டேன்.

## பக்கத்தில் பக்கமாக

| | சம்பள உயர்வு | லீவு ஏற்பாடு | காப்புறுதி | கடை நிதி |
|---|---|---|---|---|
| போன நாளின் கூலி | காக்காது | காக்கும் | நாட்காசு இருந்தால் ஓரளவு | விதியைப் பொறுத்தது |
| வெளி மருந்து, பரிசோதனை | கையில் மிஞ்சினால் | இல்லை | தனியாகக் கட்டினால் | ஆம் |
| பெரிய சத்திரசிகிச்சை | இல்லை | அரச வரிசையில் | ஆம் | இல்லை |
| பழைய நோயாளி | வேறுபாடில்லை | வேறுபாடில்லை | தடை வரலாம் | வேறுபாடில்லை |
| முதலாளிக்கு ஆண்டுச் செலவு, ஒரு ஆளுக்கு | 13,800 | 6,000 | வயதையும் ஆட்தொகையையும் பொறுத்தது | 6,000 |

பெரிய வருத்தம் என்ற வரியில் காப்புறுதி இல்லாத கடைகள் நம்பக்கூடிய இன்னொரு கை, மருத்துவ உதவி தரும் ஜனாதிபதி நிதியம். 2025 பெப்ரவரி முதல் அந்த விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். கொழும்புக்கு இரவு பஸ் ஏறத் தேவையில்லை.

## நான் எதைச் சொல்வேன்?

பத்துப் பேருக்குக் குறைந்த கடைக்கு: எல்லோரையும் பதியுங்கள், கிளினிக் நாளைக் கூலியோடு விடுங்கள், சிறிய நிதியைத் தொடங்குங்கள். லீவும் நிதியும் சேர்ந்து, மாதம் கிளினிக்குக்குப் போகும் ஒருவருக்கு ஆண்டுக்கு 12,000 ரூபா; மற்றவர்களுக்கு நிதியின் 6,000 மட்டும். ஆயிரம் ரூபா உயர்வைவிடக் குறைந்த செலவில் நோயாளிக்குக் கூடுதலான உதவி. இருபதைத் தாண்டிய இடமென்றால் லீவை அப்படியே வைத்துக்கொண்டு, அரச விடுதி நாட்காசு உள்ள காப்புறுதியைத் தேடுங்கள். இடைப்பட்டவர்கள் முதலில் ஊழியரை உட்காரவைத்துக் கேளுங்கள்: போன வருடம் நோய்க்காக எதற்குச் செலவழித்தீர்கள்? பதிலில் பாமசி பில் கூடுதலா, தனியார் ஆஸ்பத்திரி பில் கூடுதலா என்பதைப் பார்த்தால் வழி தெரிந்துவிடும்.

அந்த ஹாட்வெயார் கடையில் ஜனவரியிலிருந்து கிளினிக் நாளுக்குச் சம்பளம் வெட்டுவதில்லை. கடன் வசூல் திகதிகளைக் குறிக்கும் கலண்டரிலேயே முதலாளி அந்தத் திகதியையும் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். அன்று லொறி இறக்க வேறு ஆளைக் கூப்பிடுகிறார். நிதிக்கு ஐந்து பேர் சம்மதக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். நாட்கூலிக்கு வரும் இரண்டு பொடியன்களையும் சேர்ப்பதா என்பதில் மட்டும் இன்னும் இழுபறி. சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. அடுத்த மாதச் சி படிவத்துக்குப் போகும்போது திரும்பவும் பேசுவேன்.